உயிர்மணல் வடிகட்டி: வட்டக்கச்சி வீடொன்றில் 14 மாதப் பாவனை

சென்ற ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, கிணற்று வளையமும் மலகூடத் தட்டும் வார்த்து விற்கும் ஒரு பட்டறையில் உயிர்மணல் வடிகட்டி ஒன்றை வாங்கி, கிளிநொச்சி மாவட்டம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் குசினித் தாழ்வாரத்தில் வைத்தேன். ஏற்றி இறக்கிய கூலியோடு 19,000 ரூபா முடிந்தது. அன்றிலிருந்து ஆறு பேர் கொண்ட எங்கள் குடும்பம் குடிப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் அதிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான். பட்டறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் சொன்னதில் பாதி பிழை, செய்ததில் கால்வாசி பிழை. ஆனாலும் பொருளின் அடிப்படை சரியாகவே இருந்தது. இதன் வரைபடமும் அச்சளவுகளும் எவரும் பெற்றுக்கொள்ளக்கூடியவை என்பதால், வன்னியில் எந்தப் பட்டறையில் வாங்குபவருக்கும் நான் எழுதுபவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்கு அண்மையிலுள்ள பழைய கட்டுக்கிணறு. சிறுபோகத்துக்குக் குளம் திறந்தால் கிணற்றிலும் தண்ணீர் ஏறும். ஆவணி பிறந்தால் இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் தேநீர்ச் சாயத்தில் கலங்கி நிற்கும். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தின்போது கிணற்றுக் கட்டுக்கு மேலாகவே தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகு இறைத்துக் குளோரீன் இட்டோம் என்றாலும், மழைக்காலத்தில் வீட்டில் ஒருவருக்காவது வயிற்றோட்டம் வராத ஆண்டு இருந்ததில்லை. கொதிக்க வைத்துக் குடிக்கலாம்தான்; ஆனால் ஆறு பேருக்கும் கொதிக்க வைக்கும் விறகையும் எரிவாயுவையும் கணக்குப் பார்த்தபோது, 2022இல் 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன் 4,860 ரூபாவுக்கு ஏறிய நாட்கள் மனதில் வந்து நின்றன. சந்தியில் உப்பு நீக்கும் இயந்திரத்தில் சுத்திகரித்து விற்கும் தண்ணீரைக் கானில் வாங்கிவந்ததும் உண்டு. கான் தூக்குவதற்கென்று வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள தொல்லை.

வடிகட்டியைப் பார்த்தால் எவருக்கும் பெரிய மதிப்பு வராது. இடுப்புக்குச் சற்று மேல் வரும் ஒரு கொங்கிறீற்றுப் பெட்டி. உள்ளே அடியில் 5 சென்ரிமீற்றர் பருக்கன் கல், அதன்மேல் 5 சென்ரிமீற்றர் சிறு கல், அதற்கும் மேல் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நுண்மணல். அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவருக்குள்ளாகவே மேலேறி, மணல் மட்டத்துக்குச் சிறிது மேலே வெளியே எட்டிப் பார்க்கும். மேலே ஊற்றினால் அந்தக் குழாயால் தண்ணீர் வரும். மின்சாரம் இல்லை, மாற்றுவதற்கு உறை இல்லை, கழற்றுவதற்கு ஆணியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கோ மாஸ்ரர் பத்தொன்பதாயிரம் குடுத்தனீங்கள்?” என்று கேட்டார். நான் கமம் செய்பவன் என்றாலும் பல ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால், அவருக்கு இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்து ஒரு பாடமே எடுக்க வேண்டியதாயிற்று.

மணலால் தண்ணீரை மெதுவாக இறக்கிச் சுத்தம் செய்வது புதிய முறை அல்ல. 1829இல் லண்டனில் செல்சி நீர் வழங்கல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் கட்டிய மணற்படுகையோடு அது நகரங்களுக்கு வந்தது. அதற்கான பெரிய சான்று 1892இல் ஜேர்மனியில் கிடைத்தது. ஹாம்பேர்க், அல்ரோனா என்னும் ஒட்டிய இரு நகரங்களும் எல்ப் ஆற்றுத் தண்ணீரையே குடித்தன. ஹாம்பேர்க் வடிகட்டாத தண்ணீரைக் கொடுத்தது. அல்ரோனா, ஹாம்பேர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு வரும் கீழாற்றுத் தண்ணீரையே எடுத்தபோதும், மணலில் வடித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு வாந்திபேதியில் ஹாம்பேர்க்கில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். அல்ரோனா பெரும்பாலும் தப்பியது. தெருவின் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் சுகம் என்று எல்லை கீறியது போல இருந்த அந்த நிலையை ஜேர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் றொபேர்ட் கொக் ஆராய்ந்து எழுதினார். ஆனால் அந்தப் படுகைகளில் இரவு பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் அது நடக்காது. விட்டு விட்டு ஊற்றினாலும் வேலை செய்யும்படி அதைச் சிறுபெட்டிக்குள் அடக்கியவர், கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ், 1990களின் தொடக்கத்தில்.

சல்லடை மாவை அரிப்பதுபோல மணல் கிருமியை அரிக்கிறது என்றுதான் வாங்குபவர் எல்லோரும் நினைக்கிறார்கள். மணற்துணிக்கைகளுக்கு இடையிலுள்ள வெளியில் பற்றீரியா தாராளமாகப் புகுந்து போகும். அரிப்பு மட்டும் நடந்தால் பெரிய புழுமுட்டைகள்தான் நிற்கும். மணலின் மேற்புறத்தில் ஓரிரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, கிணற்றுத் தண்ணீரோடு வந்த நுண்ணுயிர்களே குடியேறிப் பெருகி ஒரு படலமாகின்றன. அவற்றில் பெரியவை சிறியவற்றைத் தின்கின்றன. வயிற்றோட்டம் தரும் கிருமி அந்தக் கூட்டத்துக்குத் தீனி. தின்னப்படாமல் கீழே போனவை மணலில் ஒட்டிக்கொள்கின்றன; அதற்கும் கீழே ஒட்சிசனும் உணவும் இல்லாமல் சாகின்றன. ஆகவே நான் 19,000 ரூபாவுக்கு வாங்கியது வடிகட்டியை அல்ல, ஒரு தொழுவத்தை. உள்ளே நிற்கும் பட்டியை நாங்கள்தான் வளர்க்க வேண்டும். பட்டிக்குத் தீனியும் மூச்சும் வேண்டும், ஓய்வும் வேண்டும். மாடு வைத்திருப்பவருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. படலம் முதிர ஏறத்தாழ 30 நாள் செல்லும். அதுவரை வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். பட்டறைக்காரர் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. “இண்டைக்கே குடிக்கலாம்” என்றுதான் சொன்னார்.

பொருத்திய நாளுக்கு வருகிறேன். மூன்று பேர் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து, பலகை வைத்து உருட்டி இறக்கினார்கள். ஒருமுறை மணல் நிரப்பிவிட்டால் பிறகு அசைக்கக் கூடாது என்பதால், இடத்தை முன்னரே தீர்மானித்து நிலத்தைச் சமமாக்கி வைத்திருந்தேன். மணலைப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல மணல் கருங்கல்லை உடைத்து 0.7 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் அரித்தது. ஆற்று மணலில் சாணமும் சருகும் கலந்திருக்கும், கடல் மணலில் உப்பு இருக்கும். எங்களுக்கு வந்தது ஆற்று மணல். கனகராயன் ஆற்றுப் படுக்கை இருக்கும் நிலையில், ஒரு பை மணலானாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய காலம் இது. கேட்டேன், பதில் வரவில்லை. கழுவிய மணல் என்றார்கள். நான் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் பாதி தண்ணீரும் இட்டுச் சுழற்றி, நிலத்தில் வைத்து நான்கு எண்ணினேன். சரியாகக் கழுவிய மணலென்றால் அதற்குள் மணலின் மேற்பரப்பு மங்கலாகவேனும் தெரிய வேண்டும். எங்கள் போத்தல் பத்து எண்ணியும் பால் தேநீர்போலவே நின்றது. அன்று பிற்பகல் முழுவதும் வேலையாட்களும் நானும் பேசினில் மணலைக் கழுவினோம். பிறகு கொப்பரை வைத்துக் கொதிநீர் ஊற்றி, நன்றாக வெயிலில் உலர்த்தி, அடுத்த நாள்தான் நிரப்பினோம். இதற்காக அவர்கள் முகம் சுளித்ததைக் குறையாக எழுதவில்லை, வெயில் அப்படி.

குறையாக எழுத வேண்டியவை வேறு. ஊற்றும் தண்ணீர் மணலைக் குழிபறிக்காமல் இருக்க மேலே துளையிட்ட தட்டொன்று வேண்டும். அவர்கள் தந்தது தகரம். மூன்றாம் மாதமே துருப்பிடித்து, துளைகள் பெருத்து, மணலில் பள்ளம் விழத் தொடங்கியது. அதே அளவுள்ள பிளாஸ்ரிக் பேசினில் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு துளை இட்டுப் பாவிக்கிறேன். இன்றுவரை பிரச்சினை இல்லை. அடுத்தது, வெளிக்குழாயின் நுனியில் பூட்டச் சொல்லி ஒரு திருகுபைப்பை மேலதிகமாக 450 ரூபாவுக்கு விற்றார்கள். இந்த வடிகட்டியில் வெளிக்குழாயை அடைக்கவே கூடாது. அது திறந்திருப்பதால்தான் ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்கு மேல் குறித்த அளவு தண்ணீர் தானாகவே தங்குகிறது. பைப்பைப் பூட்டினால் தண்ணீர் மட்டம் ஏறிப் படலம் மூச்சுத் திணறும். அந்தப் பைப் இப்போது மாட்டுத் தொட்டியில் இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, விற்கும்போது சொன்ன பொய். “கல்சியம் எல்லாம் போயிடும், கிட்னி வருத்தமும் வராது” என்று எங்களுக்கு முன் நின்ற ஒரு வயோதிப அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்சியம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. அதை இந்த மணல் தொடாது. புளோரைட்டும் அப்படியே, நைத்திரேற்றும் அப்படியே. எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் வடித்த தண்ணீரையும் தனித்தனியாக ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராமும் புளோரைட்டுக்கு 1 மில்லிகிராமும் எல்லை என்கிறது. எங்கள் கிணறு புளோரைட்டில் எல்லைக்கு உள்ளே இருந்தது எங்கள் நற்பேறு. வவுனியாப் பக்கம் பல கிணறுகளின் நிலை அப்படியல்ல. பிள்ளைகளின் பற்களில் உள்ள பழுப்புக் கறையே அதைச் சொல்லும். அங்கே இந்த வடிகட்டியை நம்பி இருப்பதும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பதும் ஒன்றுதான். கொதிக்கக் கொதிக்க ஆவியாவது தண்ணீர் மட்டுமே, புளோரைட்டு இன்னும் செறிந்து நிற்கும். சிறுநீரக நோயைப் பொறுத்தவரை, 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய எங்கள் எல்லைக் கிராமங்களிலும் பரவிய அந்த நோயின் காரணம் இன்றுவரை ஐயமறத் தீர்மானிக்கப்படவில்லை. காரணமே முடிவாகாத நோய்க்குக் கொங்கிறீற்றுப் பெட்டியை மருந்தாக விற்பவரை என்ன சொல்வது? அந்த அம்மா வாங்கினாரா தெரியாது. நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும், அன்று பேசவில்லை.

முப்பது நாள் காத்திருந்து, முப்பத்தோராம் நாள் கொதிக்க வைக்காமல் குடிக்க ஆயத்தமானோம். அப்போது அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படிக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். “பொறுங்கோ பெரியப்பா, ஒருக்காப் பாத்திட்டுக் குடியுங்கோ” என்று சொல்லி, கடதாசித் துண்டொன்று உள்ளே இருந்த சிறு போத்தல்கள் மூன்றைக் கொண்டுவந்தாள். அவற்றில் தண்ணீரை நிரப்பி, அறையின் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் பற்றீரியாக்கள் இருந்தால் அவை ஐதரசன் சல்பைட்டை வெளிவிட, அது தாளிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். 1982இல் இந்தியாவில் மாஞ்சாவும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட எளிய சோதனை அது. எத்தனை கிருமி என்று எண்ணிச் சொல்லாது. உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லும். வீட்டுக்கு அது போதும்.

கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் விடியுமுன்னரே கறுத்துவிட்டது. கொதித்தாறிய தண்ணீர் நிறம் மாறவில்லை. வடித்த தண்ணீர், அடுத்த நாள் மத்தியானம் மெல்லக் கறுத்தது. பெறாமகள் மூடியைத் திறந்து, தட்டை எடுத்து, தம்பியின் பாடசாலை அடிமட்டத்தை மணலில் முட்டும்வரை விட்டாள். ஓட்டம் நின்ற நிலையில் மணலுக்கு மேல் 9 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றது. நிற்க வேண்டியது 5 சென்ரிமீற்றர். ஆழம் கூடினால் காற்றிலுள்ள ஒட்சிசன் மணல்வரை இறங்காது. குறைந்தால் வன்னி வெயிலில் இரண்டு நாளில் படலம் காய்ந்துவிடும். பட்டறைக்காரர் மணலைக் குறைவாக நிரப்பியிருக்கிறார், நிரப்பியதும் தண்ணீர் பட்டு இன்னும் படிந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, “தண்ணி கூட நிண்டா நல்லம்தானே ஐயா” என்றார். மீதியாயிருந்த மணலை நானே கழுவி, 4 சென்ரிமீற்றர் உயர்த்தி, திரும்பவும் முதலாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஆனி முடிவில் வைத்த போத்தல் இரண்டு நாள் கடந்தும் வெள்ளையாகவே நின்றது. வாங்குபவர்கள் அடிமட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டறைக்காரர் வாசலைத் தாண்டுமுன் இந்த ஓர் அளவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரியாக வேலை செய்யத் தொடங்கிய பின் அது தந்த தண்ணீரைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. மேலே நிரம்ப ஊற்றினால் நிமிடத்துக்கு 0.4 லீற்றர், அதாவது ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்ப இரண்டரை நிமிடம். மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் தணியும். ஒருமுறைக்கு 12 லீற்றர் ஊற்றுகிறோம். ஒவ்வொரு ஊற்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும், 48 மணித்தியாலத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. காலை, மத்தியானம், மாலை, படுக்கப்போகுமுன் என்று நான்கு தடவை ஊற்றினால் எங்கள் வீட்டுக்குப் போதும். தண்ணீர் குளிர்மையாக இருக்கிறது. சேற்று மணம் போய்விட்டது. பித்தளைச் செம்பில் வார்த்தால் அடி தெரிகிறது. நன்கு முதிர்ந்த வடிகட்டி பற்றீரியாவில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், புழுமுட்டைகளையும் அமீபா போன்றவற்றையும் ஏறக்குறைய முழுதாகப் பிடிக்கும். வைரசுகளில் அவ்வளவு உறுதி இல்லை. ஆதலால் ஒன்றரை வயதுப் பேரனுக்கு மட்டும் வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுக்கிறோம். நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பிக் கூரைத் தகரத்தில் ஆறு மணித்தியாலம் வெயில்பட வைப்பதும் போதுமானது. ஆனால் வீட்டில் அதை யாரும் நம்பவில்லை.

பருவங்கள் மாறும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஆவணியில் கிணறு அடிதட்டியபோது பவுசரில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்தான், ஆனால் குளோரீன் இட்டது. அதையும் வடிகட்டியில் ஊற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று மனைவி வாளியைத் தூக்கியபோது ஓடிப்போய்த் தடுத்தேன். குளோரீன் நல்ல கிருமி, கெட்ட கிருமி பாராது, முழுப் பட்டியும் செத்திருக்கும். பவுசர்த் தண்ணீரை நேராகக் குடித்துவிட்டு, கிணற்றில் ஊறியதில் ஒரு வாளியை நாள்தோறும் வடிகட்டிக்கு ஊற்றி அதைக் காத்தோம். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடுபவர்களும் மணம் போகும்வரை பொறுத்தே இதில் ஊற்ற வேண்டும்.

கார்த்திகையில் எதிர்மாறான தொல்லை. கலங்கல் தண்ணீரை அப்படியே ஊற்றியதில் பத்தே நாளில் ஓட்டம் ஊசிநூலாகிவிட்டது. ஒரு லீற்றருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் சென்றால் மணலைக் கழுவ வேண்டும் என்பது கணக்கு. கழுவுவது எளிது: நான்கு லீற்றர் ஊற்றி, உள்ளங்கையை மணலின் மேல் மட்டும் வட்டமாக ஓட்டி, கலங்கி எழும் சேற்றைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்ற வேண்டும், கை ஆழமாகப் போகக் கூடாது. ஆனால் ஒவ்வொரு கழுவலுக்கும் படலம் குலைந்து மீளச் சில நாள் எடுக்கும். அதனால் மழைக்காலம் முழுவதும் அம்மாவின் வழிக்குத் திரும்பினோம். மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீரை இரவு முழுவதும் அதில் தெளியவிட்டு, மேற்தண்ணீரை மட்டும் காலையில் வடிகட்டிக்கு ஊற்றினோம். முருங்கை விதையையும் இடித்துப் பாவிக்கலாம். முருங்கை விதையிலுள்ள புரதங்களும் தேத்தாங்கொட்டையிலுள்ள மாப்பொருள் போன்ற பொருட்களும் சேற்றுத் துணிக்கைகளைத் திரளாக்கி அடியில் இருத்துகின்றன. அம்மாவுக்குப் புரதம் தெரியாது, கொட்டை தெரியும். மார்கழி முழுவதும் ஒரேயொரு தடவைதான் கழுவினேன்.

தண்ணீர் வடிகட்டியில் கெடாமல் வாளியில் கெடுவதும் உண்டு. தை மாதம் ஒரு போத்தல் திடீரெனக் கறுத்தபோது வடிகட்டியைத்தான் சந்தேகித்தோம். குழாய் நுனியில் நேராகப் பிடித்த தண்ணீர் கறுக்கவில்லை; குசினியில் இருந்த தண்ணீர் கறுத்தது. மாமி கிணற்றில் அள்ளும் வாளியாலேயே வடித்த தண்ணீரையும் ஏந்தி வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு வாளியும் நீலம். இப்போது கிணற்றுக்குச் சிவப்பு வாளி. வடித்ததற்கு வாய் ஒடுங்கிய, பைப் வைத்த மூடுதாங்கி. செம்பை உள்ளே விட்டு அள்ளும் வழக்கமும் நின்றது.

இத்தனைக்குப் பிறகு, கிணறு ஏன் விடியுமுன்னரே போத்தலைக் கறுக்க வைக்கிறது என்ற கேள்வி எழுந்தது. மலகூடக் குழி 60 அடிக்கு அப்பால் இருக்கிறது. மாட்டுத் தொழுவமோ 20 அடியில். சாணக் கும்பி அதைவிடக் கிட்ட, அதுவும் மேட்டுப் பக்கம். கிருமியை வடிகட்டி தின்றுவிடும், ஆனால் சாணத்திலிருந்து ஊறும் நைதரசனைத் தின்னாது. அமோனியாவாக வருவதைப் படலத்திலுள்ள சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும். பேரன் இருக்கும் வீடு. ஆகவே பங்குனியில் தொழுவத்தை மறுபக்கம் மாற்றி, சாணத்துக்கு நிலத்தடி உயிர்வாயுத் தொட்டி ஒன்றை மேசன் வைத்துக் கட்டினோம். அது தனியாக எழுத வேண்டிய கதை. நாளொன்றுக்கு 20 கிலோச் சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து விடுகிறோம். காற்றுப் புகாத இடத்தில் வேறு வகைப் பற்றீரியாக்கள் அதை மெதேனாக்குகின்றன. காலைச் சமையல் அதில் முடிகிறது. வெளிவரும் கரைசலை வாழைக்கு விடுகிறோம், கிணற்றுப் பக்கம் விடுவதில்லை. தண்ணீர்ச் சுத்தம் வடிகட்டியில் தொடங்குவதில்லை, கும்பியில் தொடங்குகிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த இரண்டு செலவையும் தலைகீழ் ஒழுங்கில் செய்திருப்பேன்.

சந்தி இயந்திரத் தண்ணீரோடு ஒப்பிடாமல் விட முடியாது. அந்த இயந்திரம் உப்பையும் புளோரைட்டையும் நீக்கும், மணல் நீக்காது. உங்கள் கிணற்றில் அவைதான் பிரச்சினை என்றால் யோசிக்காமல் இயந்திரத் தண்ணீரையே குடியுங்கள், இந்தப் பெட்டி உங்களுக்கு வீண்செலவு. ஆனால் அது உள்ளே எடுக்கும் தண்ணீரில் பெரும் பங்கை உப்புச் செறிந்த கழிவாக வெளியே விடுகிறது. எங்கள் சந்தியில் அது மதகுக்குள் ஓடி நிலத்துக்கே திரும்புகிறது. கிருமி மட்டுமே குறையாக உள்ள கிணற்றுக்கு அந்த இயந்திரம் கொக்குச் சுட பீரங்கி. எது குறை என்று அறியாமல் எதையும் வாங்காதீர்கள். ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொடுக்கும் செலவு, கையில் இருக்கும் வடிகட்டியைப் பின்னர் வேலிக்குப் பாரமாக வைக்கும் செலவை விடக் குறைவு. மீள்குடியேற்றக் காலத்தில் இலவசமாகக் கிடைத்த எத்தனையோ வகை வடிகட்டிகள் இன்று கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரங்களாக இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொடுத்தவர்கள் பொருளைக் கொடுத்தார்கள், பட்டி வளர்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படிச் சொல்லும் நானும் தவறினேன். சென்ற மாதம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குக் குடும்பமாகப் போனோம். உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் தலத்துக்குப் போகும் அவசரத்தில் வீட்டுத் தண்ணீரை மறந்துவிட்டோம். முள்ளியவளையில் உறவினர் வீட்டில் ஐந்து நாள் நின்று திரும்பியபோது, வடிகட்டியின் மூடியைத் திறந்தால் பழைய குளத்து மணம். அடுத்த வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்து, மாட்டுக்கு வைக்கோல் போடச் சொல்லியிருந்தேன். இதற்கு ஒரு வாளி ஊற்றச் சொல்லவில்லை. வந்த அன்றிலிருந்து மறுபடியும் நான்கு வேளை ஊற்றுகிறோம், மறுபடியும் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். இன்று இருபத்தேழாம் நாள். பெறாமகள் தந்த போத்தல்களில் கடைசி ஒன்றை நேற்று மாலை நிரப்பி, சாமி அறை மாடத்தில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்வரை நிறம் மாறவில்லை.